முதல் பிரைஸ்

இந்தப் பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். லெமன் ஸ்பூன், சாக்கு ஓட்டம், மியூசிக்கல் சேர், உறியடி, கோலம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் சார்ட் பேப்பரில் அறிவிப்பு எழுதினாள். ஓரத்தில் கரும்பும் பானையும் வரைந்து, ஆங்கிலத்தில் ‘ஃபர்ஸ்ட் பிரைஸ், செகண்ட் பிரைஸ்’ என்று பெரிதாக எழுதி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தாள். அரை மணி நேரத்தில் அதன் படம் வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது. கீழே ஒருவர் கேட்டிருந்தார்: ‘இது என்ன, விலைப் பட்டியலா?’ மகள் ‘இசட்’ போட வேண்டிய இடத்தில் ‘சி’ போட்டிருந்தாள். முதல் பரிசு, முதல் விலை ஆகியிருந்தது.

“ரெண்டும் ஒரே மாதிரிதானேப்பா கேக்குது?” என்றாள். கண் கலங்கியிருந்தது.

ஒரே மாதிரிதான் கேட்கிறது. கேரம் போர்டு போட்டி பேனர், கிரிக்கெட் போட்டி நோட்டீஸ், கோயில் திருவிழாக் கோலப்போட்டி என்று நம் ஊரில் எங்கே பார்த்தாலும் இந்த ‘சி’ இருக்கும். தமிழ் வாயில் இரண்டும் ‘பிரைஸ்’தான். ‘இசட்’ ஒலி நமக்குக் கிடையாது. சொல்லுகிறபடி எழுதுகிற குழந்தை ‘சி’ போட்டால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அவளைச் சமாதானப்படுத்தத்தான் அன்று இரவு பேச ஆரம்பித்தேன். அப்புறம் எனக்கே அந்தச் சொல்லை விட முடியவில்லை. மூன்று வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அவளிடம் சொன்னது இதுதான்: நீ எழுதியது தப்பு என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது, அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே சொல். லத்தீனில் ‘பிரெடியம்’ என்று ஒரு சொல் உண்டு. விலை, மதிப்பு, கூலி, செய்ததற்குக் கிடைக்கும் பலன் எல்லாம் அதற்குள் அடக்கம். அது பழைய பிரெஞ்சில் ‘பிரிஸ்’ ஆகி, இங்கிலாந்துக்கு வந்தபோதும் ஒரே மூட்டையாகத்தான் வந்தது. சந்தையில் மாட்டுக்குச் சொன்ன விலையும், போட்டியில் வென்றவனுக்குக் கொடுத்ததும், ஒருவனுக்கு ஊரில் இருந்த பெயரும் அந்த ஒரே சொல்தான். பாராட்டு என்று பொருள்படும் ‘பிரெய்ஸ்’ கூட இதே குடும்பத்துப் பிள்ளை; ஒன்றுக்கு விலைமதிப்புச் சொல்வது என்ற வினையிலிருந்து வந்தது. ‘பிரெஷியஸ்’, ‘அப்ரிஷியேட்’ இரண்டும் பங்காளிகள். 16-ஆம் நூற்றாண்டின் கடைசிவாக்கில்தான் பரிசுக்கு ‘இசட்’ போட்டுத் தனிக்குடித்தனம் வைத்தார்கள்.

மற்ற ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இந்தப் பாகப்பிரிவினை நடக்கவே இல்லை. பிரெஞ்சில் ‘பிரீ’ என்றால் கடையில் தக்காளி விலையும்தான், கார் பந்தயத்து ‘கிராண்ட் பிரீ’யும்தான். ஜெர்மனில் ‘பிரைஸ்’, ஸ்வீடனில் ‘பிரீஸ்’. ஆல்ஃபிரட் நோபல் 1895 நவம்பரில் பாரிஸில் உட்கார்ந்து உயிலில் கையெழுத்துப் போட்டார். அதிலிருந்து பிறந்து, 1901 முதல் கொடுக்கப்பட்டு வரும் அந்தப் பரிசின் ஸ்வீடிஷ் பெயரில் இருப்பது, ஸ்டாக்ஹோமில் ரொட்டிப் பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் விலைக்குச் சொல்கிற அதே சொல்.

இதைச் சொன்னதும் மகள் கேட்டாள்: “அப்ப தமிழ்ல மட்டும் ஏன் வேற வேற?”

தமிழில் பெயர்ச்சொல் வேறுதான். வினைச்சொல்லைப் பார் என்றேன். பரிசு ‘வாங்கினாள்’ என்கிறோம். கத்தரிக்காயும் வாங்குகிறோம். சம்பளமும் வாங்குகிறோம், அடியும் வாங்குகிறோம். வாங்கு என்ற அந்த ஒரு வினைக்குள் விலையும் பரிசும் எந்தச் சண்டையும் இல்லாமல் இருக்கின்றன. அடுத்து, தினத்தாளின் விளையாட்டுப் பக்கத்தை எடுத்தால், அங்கே பரிசை யாரும் வாங்குவதில்லை. ‘தட்டிச் சென்றார்’ என்று இருக்கும். கோப்பையை ‘கைப்பற்றியது’ என்று இருக்கும். கோட்டையைக் கைப்பற்றுவதற்கும் கோப்பையைக் கைப்பற்றுவதற்கும் ஒரே வினை. வென்ற பள்ளிக்குக் கொடுப்பதோ கேடயம், போர்க்களத்துச் சாமான். லாட்டரி என்றால் இரண்டும் இல்லை, பரிசு ‘விழும்’. என் தாத்தா பரிசுச் சீட்டு வாங்குவார். 1968-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசே தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அதன் வாசகம். தாத்தாவுக்கு ஒரு நாளும் விழவில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது அவர் இல்லை. மழை விழுவது போல, தேங்காய் விழுவது போல, கீழே நிற்பது யார் என்று பார்க்காமல் விழுகிற பரிசு அது.

வாங்குவது, கைப்பற்றுவது என்று தமிழன் வாய் இயல்பாகப் பிரித்து வைத்திருக்கிறதே, அந்த இரண்டும் ஆங்கில ‘பிரைஸ்’ஸுக்குள்ளும் இருக்கின்றன. அதற்கு இரண்டு வேர். ஒன்று மேலே சொன்ன விலை. இன்னொன்று ‘பிடித்தல்’. பிரெஞ்சில் ‘பிரீஸ்’ என்றால் பிடித்தது, பிடிபட்டது. சிறைக்குச் சொல்லும் ‘பிரிசன்’ அந்த வேர்தான். சற்றும் எதிர்பாராத நேரத்தில் வந்து பிடிக்கும் ‘சர்ப்ரைஸ்’ஸும் அதுதான். டின் மூடியை நெம்பித் திறப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘பிரைஸ்’ கூட அந்தப் பிடியிலிருந்து வந்ததுதான். விலை வேரிலிருந்து வந்த சொல்லும் பிடி வேரிலிருந்து வந்த சொல்லும் காலப்போக்கில் ஒரே உருவத்துக்கு வந்து, ஒரே ‘இசட்’டைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. மேடையில் குழந்தைக்குக் கொடுப்பதும், கடலில் எதிரியிடமிருந்து பறித்ததும் அகராதியில் பக்கத்துப் பக்கத்து வீடு.

கடல் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் எதிரிநாட்டு வணிகக் கப்பலைப் பிடித்தால் அந்தக் கப்பலுக்கே ‘பிரைஸ்’ என்று பெயர். பிடித்தவுடன் சொந்தமாகிவிடாது. அதற்கென்று ‘பிரைஸ் கோர்ட்’ உண்டு. முறைப்படி பிடித்ததுதான் என்று அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு கப்பலையும் சரக்கையும் விற்று, வந்த பணத்தைப் பங்கு போடுவார்கள். பிரிட்டனில் 1708-இல் வந்த சட்டம் முழு மதிப்பையும் பிடித்தவர்களுக்கே விட்டுவிட்டது. தளபதி முதல் எடுபிடிப் பையன் வரை பங்கு உண்டு. 1762-இல் ஸ்பெயினுக்குப் போய்க்கொண்டிருந்த ‘ஹெர்மியோன்’ என்ற கப்பலைப் பிடித்தார்கள். கேப்டன்களுக்குத் தலைக்கு ஏறக்குறைய 65,000 பவுண்டு. சாதாரண மாலுமிக்கே 480 பவுண்டுக்கு மேல் கிடைத்தது, அவனுடைய முப்பது வருஷச் சம்பளம். அந்தக் காலத்துப் பையன்கள் கடற்படைக்கு ஓடியதற்கு இந்தச் சொல் ஒரு பெரிய காரணம். போரில் பிடித்ததைப் பங்கு போடும் வழக்கத்தை பிரிட்டன் 1948-இல்தான் சட்டம் போட்டு முடித்தது.

நம் கரைக்கும் அந்தச் சொல் வந்திருக்கிறது. ‘அவன் சரியான எம்டன்’ என்று பாட்டி சொல்வாளே, அந்த எம்டன், ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்துவிட்டுப் போனது. அது ஊரறிந்த கதை. அதற்கு முன்னும் பின்னும் அது வங்காள விரிகுடாவிலும் இந்தியப் பெருங்கடலிலும் செய்துகொண்டிருந்த வேலை இந்தப் ‘பிரைஸ்’ பிடிக்கும் வேலைதான். வணிகக் கப்பலை நிறுத்தி, ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் மூழ்கடிப்பார்கள். நிலக்கரி ஏற்றிவந்த கப்பல் கிடைத்தால் மட்டும் மூழ்கடிக்காமல், தங்கள் மாலுமிகள் சிலரை ஏற்றிக் கூடவே ஓட்டிக்கொண்டு போவார்கள். ‘பியூரெஸ்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் அப்படி எம்டனின் கடைசி நாள்வரை கூடவே இருந்தது. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுப் பக்கம் ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை முடித்தது. நமக்கு மிஞ்சியது, கெட்டிக்காரனைக் குறிக்க ஒரு சொல்.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு மனசு கனத்துப் போகிறது.

1799 மே 4. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. வேலூரிலிருந்து புறப்பட்டுப் போன கம்பெனிப் படை கோட்டைக்குள் புகுந்தது, திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அன்று இரவு முழுக்க சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து அள்ளினார்கள். ஆங்கிலேயர்களே அதைக் கொள்ளை என்றுதான் எழுதினார்கள். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆர்தர் வெல்லெஸ்லி, தூக்கில் போட்டும் சாட்டையால் அடித்தும் அதை நிறுத்தியதாக எழுதியிருக்கிறார். சரி, கொள்ளை நின்றது. அடுத்து என்ன? ‘பிரைஸ் ஏஜெண்டுகள்’ வேலையைத் தொடங்கினார்கள். கஜானாவுக்கு முத்திரை வைத்தார்கள். நகை, பட்டு, ஆயுதம், புத்தகம் என்று பட்டியல் எழுதினார்கள், மதிப்புப் போட்டார்கள், ஏலம் விட்டார்கள். படையில் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று கணக்குப் பார்த்தார்கள். முந்தின நாள் இரவு எடுத்தவனுக்குத் தூக்கு. காலையில் பட்டியல் போட்டு எடுத்தவனுக்கு அது ‘பிரைஸ்’. ஒரே கஜானா, ஒரே ஊர், இடையில் ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது.

திப்புவின் அரியணை மரத்தால் ஆனது, மேலே பொன் தகடு. முன்னால் பெரிய பொற்புலித் தலை. முழு அரியணையை எப்படிப் பங்கு போடுவது? உடைத்தார்கள். பொன் தகட்டைத் துண்டு துண்டாக்கி மதிப்புப் போட்டார்கள். புலித்தலை இன்று விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. கைப்பிடிச் சுவரிலிருந்த சின்னப் புலித்தலைகளில் ஒன்று, அப்போது சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பத்து வழியாக வேல்ஸ் நாட்டிலுள்ள போவிஸ் கோட்டையில் இருக்கிறது. தளபதி ஹாரிஸுக்குக் கிடைத்த பங்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பவுண்டுக்கு மேல். சாதாரணச் சிப்பாய்க்குச் சில பவுண்டு.

அந்த ஏஜெண்டுகளில் ஒருவரின் பெயர் டேவிட் பிரைஸ். ‘சி’ போட்ட பிரைஸ். அதற்கு முந்தைய போரில் தார்வாரில் ஒரு காலை இழந்தவர், பாரசீகம் படித்தவர், பின்னாளில் அந்த மொழி நூல்களை ஆராய்ந்து எழுதியவர். திப்புவின் நூலகத்துச் சுவடிகளின் அருமை தெரிந்த ஒரு மனிதர், அதே இடத்தில் மதிப்புப் போட்டுப் பங்கு பிரிக்கும் வேலையில் இருந்திருக்கிறார். பெயரில் விலை, வேலையில் பிடித்த பொருள். என் மகளின் சார்ட் பேப்பரில் கலந்துவிட்ட இரண்டும் அந்த ஒரே ஆளிடம் கலந்திருந்தன. கொள்ளைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் ‘லூட்’ என்ற சொல்லும் இந்த மண்ணிலிருந்து இந்தி வழியாகப் போனதுதான். பொருளோடு சொல்லையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இப்போது என் கதை. 1987, எட்டாம் வகுப்பு, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. அரசலாற்றைப் பற்றி எழுதியிருந்தேன். ஆனி மாதக் கடைசியில் ஆற்றில் தண்ணீர் வருகிற அன்று, வெறும் மணலில் முதலில் ஒரு ஈரக்கோடு மட்டும் வரும், நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு. நாங்கள் அதற்கு முன்னால் ஓடுவோம். அதைத்தான் எழுதியிருந்தேன்.

ஆண்டு விழாவில் பெயர்ப் பட்டியல் வரிசை மாறிப்போனது. நான் மேடையில் நின்றபோது மைக்கில் வாசித்தது வேறொரு பையன் பெயர், வேறொரு போட்டி. தலைமை தாங்க வந்தவர் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தார். ஒரு கண் கூட என் பக்கம் திரும்பவில்லை. மேடைக்குப் பின்னால் போய் நானும் அந்தப் பையனும் பொட்டலத்தை மாற்றிக்கொண்டோம். கலர் காகிதத்தைப் பிரித்தால் இரண்டிலும் ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர். அவனுக்கு ஓட்டத்தில் மூன்றாம் பரிசு. அப்படியென்றால் எதற்கு மாற்றிக்கொண்டோம் என்று அவன் கேட்டான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னையும் டம்ளரையும் கூட்டிக்கொண்டு கும்பகோணம் கடைத்தெருவுக்குப் போனாள். பாத்திரக்கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். சின்ன உளி, சின்னச் சுத்தி. எழுத்துக்கு இத்தனை பைசா என்று கணக்கு. பேரை மட்டும் போடட்டுமா என்று கேட்டார். அம்மா, “எல்லாத்தையும் போடுங்க. பேரு, கட்டுரை, முதல் பரிசு, வருஷம்” என்றாள். அவர் உளியை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “கட்டுரையா? எதைப் பத்தி எழுதினே தம்பி?” ஆற்றில் தண்ணீர் வருவதைப் பற்றி என்றேன். “எங்க, சொல்லு.” சொன்னேன். மணல், ஈரக்கோடு, நுரை, சருகு, முன்னால் ஓடுவது. முழுக்கக் கேட்டார். “ஆமா, அப்படித்தான் வரும்” என்றார். அப்புறம் தட்ட ஆரம்பித்தார். டக் டக் டக் என்று புள்ளி புள்ளியாக என் பெயர் டம்ளரில் வந்தது.

அந்த ஆளிடமிருந்துதான் நான் பரிசு வாங்கினேன் என்று இத்தனை வருஷமாக மனசுக்குள் ஒரு நினைப்பு. ஏன் அப்படித் தோன்றுகிறது என்று எனக்குப் புரிந்தது இந்த மூன்று வாரத்தில்தான், அதுவும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் வேரைப் பார்த்தபோது.

‘ரிவார்ட்’ என்ற சொல்லும் ‘ரிகார்ட்’ என்ற சொல்லும் பிறப்பில் ஒன்றே. பிரெஞ்சின் ஒரு வட்டாரத்தில் ‘க’வோடும் இன்னொரு வட்டாரத்தில் ‘வ’வோடும் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பொருள்: பார்த்தல், கருதிப் பார்த்தல். ஒருவரைக் கண்ணெடுத்துப் பார்ப்பதுதான் ‘ரிவார்ட்’. ‘அவார்ட்’ அதே குடும்பத்தில் இன்னொரு கிளை: நன்றாகக் கவனித்துப் பார்த்து முடிவு சொல்வது. அதனால்தான் சட்டத்தில் இன்றும் நடுவர் தீர்ப்புக்கு ‘அவார்ட்’ என்று பெயர். எங்கள் டெல்டாவில் யாரும் மறக்க முடியாத ‘அவார்ட்’ ஒன்று உண்டு. 2007 பிப்ரவரி 5-ஆம் தேதி காவிரி நடுவர் மன்றம் சொன்னது. தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி என்றது. பத்திரிகையில் நாம் படித்தது ‘இறுதித் தீர்ப்பு’, ஆங்கிலத்தில் ‘ஃபைனல் அவார்ட்’. சினிமா நடிகர் கையில் பிடிக்கும் பொம்மைக்கும் காவிரித் தண்ணீருக்கும் ஒரே சொல். நம் வெகுமதியும் அப்படித்தான். வடமொழியில் ‘பகுமதி’, மிகுந்த மதிப்பு. சன்மானம், நல்ல மரியாதை. முதலில் மனசில் இருந்த மதிப்பு, போகப் போகக் கையில் கொடுக்கிற பொருளின் பெயராக மாறிவிட்டது.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜான் ஹாரிசன் கதை. 1707 அக்டோபரில் இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லி தீவுகளுக்குப் பக்கத்தில் பாறையில் மோதி நான்கு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அழிந்தன. நடுக்கடலில் கிழக்கு மேற்காக எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க அன்று வழி இல்லை. 1714-இல் பாராளுமன்றம் சட்டம் போட்டது: தீர்க்கரேகையைக் கணிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு வரை. இன்று எல்லாரும் அதை ‘பிரைஸ்’ என்கிறார்கள். சட்டத்தின் தலைப்பில் இருந்தது ‘ரிவார்ட்’.

ஹாரிசன் தச்சர் மகன், தானும் தச்சர். கடலில் ஆடினாலும் குளிர்ந்தாலும் வெயிலில் காய்ந்தாலும் நேரம் மாறாத கடிகாரம் ஒன்று இருந்தால் கணக்கு முடிந்தது என்று பிடித்தார். புறப்பட்ட துறைமுகத்தின் நேரமும், நிற்கிற இடத்தின் உச்சிப்பொழுதும் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு 15 பாகை. பெரிய கடிகாரம் மூன்று செய்து, திருப்தியில்லாமல், நாலாவதாக உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று செய்தார். 1761-இல் அதை அவர் மகன் வில்லியம் ஜமைக்காவுக்கு எடுத்துப் போனார். 81 நாளில் அது பிசகியது சுமார் 5 நொடி. கொடுத்திருக்க வேண்டுமா இல்லையா? பரிசு யாருக்கு என்று முடிவு சொல்ல ஒரு குழு இருந்தது; அதில் இருந்த வானியல் அறிஞர்களுக்கு விடை வானத்தில்தான் இருக்கிறது, நிலவின் நகர்வில் இருக்கிறது என்று நம்பிக்கை. ஒரு தச்சர் செய்த பொறியை அவர்களால் அப்படிப் பார்க்க முடியவில்லை. இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்றார்கள். 1764-இல் பார்படோஸ் போய்வந்தது, அதிலும் தேறியது. பிரித்துக் காட்டு என்றார்கள், காட்டினார். 10,000 பவுண்டு கொடுத்துவிட்டு, கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு செய் என்றார்கள். கடைசியில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே ஹாரிசனின் ஐந்தாவது கடிகாரத்தைத் தன் சொந்த வானாய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தார். 1773-இல் பாராளுமன்றம் இன்னும் 8,750 பவுண்டு கொடுத்தது. அப்போது ஹாரிசனுக்கு 80 வயது. இன்னும் மூன்று வருஷம்தான் இருந்தார். பணம் ஏறக்குறைய முழுசாகவே வந்துவிட்டது. அந்தக் குழு மட்டும் கடைசிவரை முழுப் பரிசை அவருக்கென்று அறிவிக்கவே இல்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புறநானூற்றில் 208-ஆம் பாட்டு ஞாபகத்துக்கு வரும். பெருஞ்சித்திரனார் பாடியது. மலையும் குன்றும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்க்க வருகிறார். வந்திருப்பதைக் கேள்விப்பட்ட அதியமான், நேரில் வராமல், இதைக் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்று பரிசிலை அனுப்பிவைக்கிறான். சங்ககாலத்துப் புலவருக்கு வறுமை ஒரு புதிய விஷயம் இல்லை. அப்படியிருந்தும் வேண்டாம் என்கிறார். ‘காணாது ஈத்த இப்பொருட்கு யான் ஓர் வாணிகப் பரிசிலன் அல்லேன்.’ என்னைப் பார்க்காமல் கொடுத்த இந்தப் பொருளை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை. தினை அளவே ஆனாலும், என் தகுதியின் அளவை அறிந்து, அன்போடு கொடுத்தால் போதும்.

காணாது ஈத்த. ‘ரிவார்ட்’ என்ற சொல்லின் வேரில் இருக்கிற அந்தப் பார்வை இங்கே எதிர்மறையாக நிற்கிறது. வாணிகப் பரிசில். ‘பிரைஸ்’ஸின் வேரில் இருக்கிற விலை இங்கே நிற்கிறது. ஐரோப்பிய மொழிகளில் சொற்கள் கிளை பிரிந்து, எழுத்து மாறி, ‘சி’யா ‘இசட்’டா என்று முடிவாவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால், நம் ஆள் ஒருவர் பசியோடு ஒரு கோட்டை வாசலில் நின்றுகொண்டு விலைக்கும் பரிசுக்கும் நடுவில் கோடு கிழித்திருக்கிறார். பார்த்துக் கொடுத்தால் பரிசில். பார்க்காமல் கொடுத்தால் வாணிகம். எவ்வளவு கொடுத்தாய் என்ற கேள்வியே அவருக்கு இல்லை. இந்தப் பாட்டைக் கல்லூரி விடுதியில் முதல் தடவை படித்த இரவு, பெட்டியில் இருந்த டம்ளரை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

நம் காலத்திலும் ஒருவர் இருக்கிறார், ரஷ்யக் கணித மேதை கிரிகோரி பெரல்மான். நூறு வருஷமாகத் தீராத ஒரு கணக்கைத் தீர்த்தவர். 2006-இல் ஃபீல்ட்ஸ் பதக்கத்தை மறுத்தார், 2010-இல் பத்து லட்சம் டாலர் பரிசையும் மறுத்தார். அந்த வழியைத் திறந்த அமெரிக்கக் கணிதர் ரிச்சர்ட் ஹாமில்டனின் பங்கு தன்னுடையதற்குக் குறைந்ததில்லை, அதைப் பார்க்காமல் தனக்கு மட்டும் கொடுப்பது சரியில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மற்றவர்கள் அவரை விசித்திரமான ஆள் என்று எழுதினார்கள். புறநானூறு படித்தவர்களுக்கு அவர் அப்படித் தெரிய மாட்டார்.

பழந்தமிழில் ‘பரிசு’ என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: தன்மை, விதம். திருப்பாவைக் கடைசிப் பாட்டில் ‘இங்கிப் பரிசுரைப்பார்’ என்று ஆண்டாள் சொல்வது அதுதான். இந்த விதமாகச் சொல்பவர்கள் என்று பொருள். கொடுக்கிற பொருளும், அதைக் கொடுக்கிற விதமும் ஒரே சொல்லாக இருக்கிற மொழி நம்முடையது.

பொங்கலுக்கு வருகிறேன். பரிசு வாங்கும் பொறுப்பை என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள். 24 எவர்சில்வர் டம்ளர். கடைக்காரர் எடை போட்டு விலை சொன்னார். போட்டியன்றே கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் சொன்னார்கள். போட்டோ எடுக்க வேண்டும், ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டிகள் அடுத்த நாள் கிளம்பிவிடுவார்கள். எல்லாம் நியாயம்தான். அதனால் அன்று வெறும் டம்ளராகவே கொடுத்தோம். மறு ஞாயிற்றுக்கிழமை, பெயர் வெட்ட விருப்பமுள்ள பிள்ளைகள் டம்ளரோடு வாருங்கள் என்று குழுவில் போட்டேன். நாலைந்து பேர் வருவார்கள் என்று நினைத்தேன். பதினேழு பேர் வந்தார்கள். என் மகள் கோலத்துக்கு வாங்கிய இரண்டாம் பரிசோடு வரிசையில் மூன்றாவதாக நின்றாள். கூடவே புது சார்ட் பேப்பர் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தாள். குடியரசு தினப் போட்டி அறிவிப்பு. இந்தத் தடவை தமிழில் எழுதியிருந்தாள்.

இப்போது உளி இல்லை, மின்சாரக் கருவி. டர்ர் என்று ஓடுகிறது. கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டிருந்தேன். நான் பட்டியல் எழுதித் தர மாட்டேன், ஒவ்வொரு பிள்ளையிடமும் நீங்களே கேட்டுப் போடுங்கள் என்று. அவர் வாடிக்கையாளர் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டார். முதல் ஆள் எல்கேஜி பையன். லெமன் ஸ்பூனில் எலுமிச்சையை நாலு தடவை கீழே போட்டு, நாலு தடவையும் குனிந்து எடுத்து, கடைசியாக வந்து சேர்ந்தவன். ஆறுதல் பரிசு.

கடைக்காரர் டம்ளரை வாங்கித் துடைத்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அவனைப் பார்த்தார்.

“பேரு என்ன சாமி?”

சொன்னான்.

“இனிஷியல்?”

தெரியவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

“சரி, எதுக்குக் கொடுத்தாங்க?”

அவன் யோசித்தான். ஒரு கையை நீட்டி, இல்லாத ஸ்பூனைப் பிடித்து, அதில் இல்லாத எலுமிச்சையைப் பார்த்துக்கொண்டே, கடை வாசலில் மெதுவாக நடந்து காட்டினான்.